குழந்தைகளும் நுண்துகள் மாசும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்றில் மிதக்கும் துகள்கள் குழந்தைகளை என்ன செய்கின்றன என்று கேட்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். முதலில் முகக்கவசம், அடுத்து காற்றுச் சுத்திகரிப்பான், அதற்கும் பிறகே "உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?" இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்தத் துறையின் ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து எழுதி வருகிறேன். ஆய்வுகள் எதை உறுதியாகச் சொல்கின்றன, எங்கே தயங்குகின்றன என்பது தெரிந்துவிட்டால், எந்தக் கருவிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

பிஎம் 2.5, பிஎம் 10 என்பவை என்ன?

காற்றில் மிதக்கும் திடத் துகள்களையும் மிக நுண்ணிய திரவத் துளிகளையும் சேர்த்துத்தான் துகள் மாசு (particulate matter, சுருக்கமாக பிஎம்) என்கிறோம். எண் அவற்றின் விட்டத்தைக் குறிக்கிறது. 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை பிஎம் 10, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை பிஎம் 2.5. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 70 மைக்ரோமீட்டர். அதன் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட பிஎம் 2.5 துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவற்றை மீநுண் துகள்கள் என்கிறார்கள்.

இந்தப் பெயர்கள் அளவைத்தான் சொல்கின்றன, பொருளைச் சொல்வதில்லை. ஒரே அளவுள்ள துகள் டீசல் கரியாகவும் இருக்கலாம், உலோகத் தூளாகவும் இருக்கலாம், கடல் உப்பாகவும் இருக்கலாம். துகளாகவே வெளியே வராதவையும் உண்டு. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், அம்மோனியா ஆகியவை வாயுவாக வெளியேறி, காற்றிலேயே வினைபுரிந்து சல்பேட், நைட்ரேட் துகள்களாக மாறுகின்றன. அதனால்தான் புகைபோக்கி ஒன்றுகூட இல்லாத ஊரிலும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்த நிலக்கரியின் எச்சத்தைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள்.

மூக்கும் தொண்டையும் தூசியை வடிகட்டிவிடாதா?

பெரிய தூசியை வடிகட்டும். மூக்கின் முடியும் சளிப் படலமும் அதற்காகத்தான் இருக்கின்றன. பிஎம் 10 அளவுள்ளவை பெரும்பாலும் மேல் மூச்சுப் பாதையிலோ பெரிய மூச்சுக்குழாய்களிலோ படிந்து, சளியுடன் வெளியேறிவிடுகின்றன. பிஎம் 2.5 அதைத் தாண்டி, ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரை போகிறது. அங்கே சளி இல்லை. துகளை விழுங்கி அகற்றும் வெள்ளணுக்கள்தான் காவல். அவை ஓயாமல் போராடும்போது அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சியின் வேதிச் செய்திகள் இரத்தத்தின் வழியே உடம்பு முழுவதும் பரவுகின்றன. மீநுண் துகள்களில் ஒரு பகுதி நேரடியாகவே இரத்தத்துக்குள் கடந்துவிடுகிறது.

எல்லோரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்? குழந்தைகளைப் பற்றி மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

காற்று ஒன்றுதான், உள்ளே போகும் அளவு ஒன்றல்ல. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை உள்ளிழுக்கும் காற்று பெரியவரைவிட மிக அதிகம். ஓடி விளையாடும்போது வாயால் மூச்சு விடுவதால், மூக்கு என்கிற முதல் வடிகட்டியும் இல்லாமல் போகிறது. தள்ளுவண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் முகம் வாகனப் புகைக்குழாயின் உயரத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. குழந்தையின் நுரையீரல் இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு. நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன. நுரையீரல் பதின்ம வயது முடியும் வரை, ஆண்களுக்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள், வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த உச்சத்தை எட்டிய பிறகு வாழ்நாள் முழுவதும் இறங்குமுகம்தான். ஆகவே எந்த உயரத்திலிருந்து இறங்கத் தொடங்குகிறோம் என்பதைக் குழந்தைப் பருவமே முடிவு செய்கிறது. அறுபது வயதில் மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சுக்கும் பத்து வயதில் சுவாசித்த காற்றுக்கும் தொடர்பு இருக்கிறது.

நுரையீரல் வளர்ச்சி குறைகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பொறுமையாக, ஆண்டுக் கணக்கில் அளந்து. ஒரே ஓர் ஆய்வைத்தான் சொல்லலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் சொல்வது இதைத்தான். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் அப்பகுதியின் 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சில ஊர்களில் காற்று மிக மோசம், சிலவற்றில் ஓரளவு சுத்தம். அங்குள்ள பள்ளிக் குழந்தைகளைச் சுவாசக் கருவி ஒன்றில் முழு மூச்சையும் ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறார்கள் என்று அளந்தார்கள். அதே குழந்தைகளை அடுத்த ஆண்டும் அளந்தார்கள், அதற்கடுத்த ஆண்டும். 10 வயதில் தொடங்கி 18 வயது வரை, எட்டு ஆண்டுகள்.

2004இல் வெளியான முடிவு இது. 18 வயதில், இருக்க வேண்டிய அளவில் 80 விழுக்காட்டுக்கும் குறைவான ஊதுதிறன் கொண்டவர்கள், பிஎம் 2.5 மிகக் குறைவாக இருந்த ஊரில் 1.6 விழுக்காடு, மிக அதிகமாக இருந்த ஊரில் 7.9 விழுக்காடு. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு எந்த நோயும் இல்லை. பள்ளிக்குப் போய், விளையாடி, சாதாரணமாக வளர்ந்தவர்கள். கருவியில் ஊதச் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது. இந்த ஆய்வு என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்: இழப்பு நேர்ந்திருக்கிறது, இழந்தவருக்கோ அது தெரியவில்லை.

2007இல் அதே குழுவின் இன்னொரு முடிவு வந்தது. பெரும் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வாழ்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, 1,500 மீட்டருக்கு அப்பால் வாழ்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஊரின் பொதுவான காற்று சுத்தமாக இருந்தாலும் இந்த வேறுபாடு தெரிந்தது.

குறைந்த வளர்ச்சி பிறகு சரியாகிவிடுமா?

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வளர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு வாய்ப்பு இருக்கிறது. கலிபோர்னியா ஆய்வில் இருந்த குழந்தைகளில் சிலர் இடையில் வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்படிப் போன 110 பேரைத் தேடிப் பிடித்து அளந்தபோது, பிஎம் 10 குறைவான ஊருக்குப் போனவர்களின் நுரையீரல் வளர்ச்சி வேகம் கூடியிருந்தது. மாசு அதிகமான ஊருக்குப் போனவர்களுக்குக் குறைந்திருந்தது. வளர்ச்சி முடிந்த பிறகு விட்டதைப் பிடிப்பது கடினம்.

ஆனால் அடுத்து வரும் குழந்தைகளுக்கு அந்த இழப்பு நேராமலே தடுக்க முடியும். இதுவும் அளந்து காட்டப்பட்டதுதான். வாகனப் புகைக்கும் தொழிற்சாலைகளுக்கும் எதிரான கடுமையான விதிகளால் தெற்குக் கலிபோர்னியாவின் காற்று மெல்லச் சுத்தமானது. ஆய்வுக் குழு ஊர்களை மாற்றாமல் புதிய பிள்ளைகளைச் சேர்த்து மீண்டும் அளந்தது. 15 வயதில் குறைந்த ஊதுதிறன் கொண்டவர்கள் 1994-98 அணியில் 7.9 விழுக்காடு, 1997-2001 அணியில் 6.3, 2007-2011 அணியில் 3.6. அந்த ஊர்களில் வாகனங்களும் மக்களும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பெருகியும் காற்று சுத்தமானது, பிள்ளைகளின் மார்பு விரிந்தது. "வளர்ச்சி வேண்டுமென்றால் புகையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்த மூன்று எண்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

துகள் மாசு ஆஸ்துமாவை உண்டாக்குமா, இருக்கும் ஆஸ்துமாவைத் தூண்டுவது மட்டுமா?

தூண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. துகள் அளவு கூடிய நாட்களில் இளைப்பும், இன்ஹேலர் பயன்பாடும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடுவதைப் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். புதிதாக உண்டாக்குமா என்ற கேள்வியில், வாகனப் புகையைப் பொறுத்தவரை சான்று வலுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் சாலையோரக் காற்றில் துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்தே இருப்பதால், எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். குழந்தைக்கு இந்தப் பிரிவினையால் ஆவது ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே குழாயிலிருந்துதான் வருகின்றன.

லண்டனில் போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகே வாழ்ந்த எலா அடூ கிஸ்ஸி-டெப்ரா (Ella Adoo-Kissi-Debrah) என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடுமையான ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதால் மரண விசாரணை மீண்டும் நடந்தது. 2020 டிசம்பரில், அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் ஒரு தனி மனிதரின் இறப்புக்கு அப்படிப் பதிவு செய்யப்பட்டது அதுவே முதல் முறை. அதுவரை வெறும் புள்ளிவிவரமாக இருந்த ஒன்றுக்கு முகம் கிடைத்தது.

ஏழைக் குழந்தைகள்தான் மாசு மிகுந்த இடங்களில் வாழ்கிறார்கள். வறுமையின் விளைவைக் காற்றின் மேல் போடுகிறார்களோ?

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களையே பல ஆண்டுகள் உறுத்திய கேள்வியும்கூட. ஊட்டச்சத்து, வீட்டில் புகைப்பவர், மருத்துவ வசதி என எல்லாமே கலந்து கிடக்கும்போது காற்றை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் புள்ளியியல் முறைகள் உண்டு. அதைவிட வலுவானவை, வேறு எதுவும் மாறாமல் காற்று மட்டும் திடீரென்று மாறிய தருணங்கள்.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை இருந்தது. 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறால் மூடப்பட்டு 1987 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இடையில் ஒரு முழுக் குளிர்காலம் ஆலையில் புகையே இல்லை. ஆர்டன் போப் என்ற பொருளியலாளர் அப்பகுதி மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் நிமோனியா, மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமா ஆகியவற்றுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. குடும்பங்களின் வருமானமோ வீடுகளோ அந்த ஓராண்டில் மாறிவிடவில்லை. சொல்லப்போனால் வேலை இழந்ததால் வருமானம்தான் குறைந்திருக்கும். பிற்காலத்தில் இன்னொரு குழு, அந்த ஆண்டுகளில் துகள்களைச் சேகரித்த வடிகட்டித் தாள்களைத் தேடியெடுத்துச் சோதித்தது. ஆலை ஓடிய காலத்துத் துகள்களின் சாறு, மூடியிருந்த காலத்துச் சாற்றைவிட நுரையீரலில் அதிக அழற்சியை உண்டாக்கியது. பதிவேடு சொன்னதை ஆய்வுக்கூடமும் சொன்னது.

இன்னொன்று சுங்கச்சாவடிகளில் நடந்தது. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் மின்னணுக் கட்டண வசதி வந்தபோது, சாவடிகளில் வாகனங்கள் நின்று நின்று புகை கக்குவது குறைந்தது. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாரிடையே குறைமாதப் பிரசவம் ஏறக்குறைய 11 விழுக்காடும், எடை குறைந்த பிறப்பு ஏறக்குறைய 12 விழுக்காடும் குறைந்தன. சாவடிகளில் அந்த வசதியைப் பொருத்தியவர்கள் பிரசவங்களை நினைத்துப் பொருத்தவில்லை.

எல்லாத் தருணங்களும் இப்படித் தெளிவாக அமைவதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது போக்குவரத்து குறைந்து, வாகனப் புகையால் தரையருகே உருவாகும் ஓசோன் வாயுவும் குறைந்ததால் குழந்தைகளின் ஆஸ்துமா அவசரங்கள் பெருமளவு குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. கூடுதல் தரவுகளுடன் பிறகு ஆராய்ந்தவர்களால் அந்த அளவு பலனைக் காண முடியவில்லை. இதை மறைக்காமல் சொல்வதுதான் முறை. ஒரு செங்கல் உதிர்ந்ததால் சுவர் விழுந்துவிடவில்லை.

கருவில் இருக்கும் குழந்தையையும் இது தொடுமா?

தொடும். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், நச்சுக்கொடியில் குழந்தை இருக்கும் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். 2022இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து செய்த ஆய்வில், பிறக்காத சிசுக்களின் கல்லீரல், நுரையீரல், மூளைத் திசுக்களிலும் அவை இருந்தன. தாய் உள்ளிழுத்த கரி, முதல் மூச்சே விடாத குழந்தையை எட்டிவிடுகிறது.

துகள் இருப்பது ஒன்று, அதனால் தீங்கு நேர்வது வேறொன்று. தீங்கைப் பொறுத்தவரை குறைந்த பிறப்பு எடைக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் சான்று வலுவாக இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சில வாரங்கள் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தினார்கள். கர்ப்பத்தின் எட்டாம் மாதம் அந்த வாரங்களில் அமைந்த குழந்தைகள், முந்தைய, பிந்தைய ஆண்டுகளில் அதே காலத்தில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தார்கள். ஒரு குழந்தைக்கு 23 கிராம் பெரிதல்ல. ஒரு மாநகரின் எல்லாக் குழந்தைகளும் 23 கிராம் கூடினால், ஆபத்தான எல்லைக்குக் கீழே விழுபவர்கள் எண்ணிக்கை கண்ணில் படும்படி குறையும்.

படிப்பையும் நினைவாற்றலையும் பாதிக்குமா?

பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் 7 முதல் 10 வயதுள்ள 2,715 குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். வாகன மாசு குறைந்த பள்ளிகளில் செயல் நினைவுத்திறன் அந்த ஆண்டில் 11.5 விழுக்காடு வளர்ந்தது. மிகுந்த பள்ளிகளில் 7.4 விழுக்காடு. நுரையீரல் ஆய்வுகளைப் போல இது பல பத்தாண்டுகள் தொடரப்பட்டதல்ல. சாலை இரைச்சலும் மூளையைப் பாதிக்கும் என்பதால் பிரித்துப் பார்ப்பதும் சிரமம். மூளையைப் பற்றிய சான்றை நான் "கவலைக்குரியது, வலுவாகி வருவது" என்ற வரிசையில்தான் வைக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு: ஈயம். பெட்ரோலில் கலந்த ஈயம் புகையுடன் நுண்துகளாகவே வெளியேறியது. அது குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைத்தது என்பதில் எந்த ஐயமும் இல்லை. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021இல்தான்.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் போதுமா?

வீட்டுக்குள் என்ன எரிகிறது என்பதைப் பொறுத்தது. விறகும் கரியும் சாணமும் எரியும் அடுப்பு வீட்டுக்குள் இருந்தால், பெரும் சாலையின் ஓரத்தைவிட உள்ளே மோசமாக இருக்கலாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளியேறும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் வைப்பதற்கு முன் கொசுவலையை நினைத்துப் பாருங்கள்.

அடுப்பை மாற்றினால் நோய் குறையுமா என்பதில் ஆய்வுகள் தரும் பதில் சிக்கலானது. குவாத்தமாலாவில் கெர்க் ஸ்மித் தலைமையில் 534 வீடுகளில் நடந்த சோதனையில், சிலருக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு தரப்பட்டது. மருத்துவர் கண்டறிந்த நிமோனியா உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னர் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சமையல் எரிவாயு கொடுத்துப் பார்த்தார்கள். எரிவாயு கிடைக்காதவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 கன மீட்டருக்கு ஏறக்குறைய 71 மைக்ரோகிராம், கிடைத்தவர்களுக்கு 24. ஆனால் பிறப்பு எடையிலோ, குழந்தைகளின் கடுமையான நிமோனியாவிலோ தெளிவான வேறுபாடு இல்லை.

இந்த முடிவைக் கேட்டதும் பலர் மனம் தளர்ந்தார்கள். என் பார்வை வேறு. எரிவாயு வந்தது கர்ப்பம் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து. 24 மைக்ரோகிராம் என்பதும் சுத்தமான காற்றல்ல. தெருவும் பக்கத்து வீட்டு அடுப்பும் அப்படியே இருந்தன. ஒரு வீட்டை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் இந்த ஆய்வு ஆட்டம் காண வைக்கிறது. தாயின் கண்ணெரிச்சலையும் விறகுச் சுமையையும் எண்ணினாலே எரிவாயு அடுப்பு தேவைதான்.

எவ்வளவு வரை பாதுகாப்பானது?

பாதுகாப்பான எல்லை என்று ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு அளவுகளை இறக்கியது. பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகவும், 24 மணி நேரச் சராசரி 25இலிருந்து 15 ஆகவும் குறைந்தன. பிஎம் 10க்கு ஆண்டுச் சராசரி 15, ஒரு நாளுக்கு 45. சட்டங்கள் இதைவிடத் தளர்வாகவே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம்கூட 2030க்குள் எட்ட வேண்டிய ஆண்டு வரம்பாக 10ஐத்தான் வைத்திருக்கிறது. "சட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்பதும் "குழந்தைக்கு நல்லது" என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும். 60இலிருந்து 50க்கு இறக்குவதைவிட 20இலிருந்து 10க்கு இறக்குவதில், ஒவ்வொரு மைக்ரோகிராமுக்கும் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதிகம். மாசு குறைந்த ஊர்கள் "நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது.

காற்றுத் தரக் குறியீடு இன்று மோசமாக இருக்கிறது. குழந்தையை விளையாட விடலாமா?

மிக மோசமான நாட்களில் ஓட்டப் பயிற்சியையும் கடும் விளையாட்டையும் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே எச்சரிக்கை தேவை. காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். சான் டியேகோ பகுதி மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, காட்டுத்தீயின் பிஎம் 2.5 மற்ற மூலங்களிலிருந்து வருவதைவிடச் சிறு குழந்தைகளின் சுவாசத்தைப் பல மடங்கு அதிகமாகப் பாதிப்பதாகச் சொன்னது.

மற்ற நாட்களில் பயந்து குழந்தையை அடைத்துவைக்க வேண்டாம். ஓடியாடுவதால் கிடைக்கும் நன்மை, மிதமான மாசின் தீங்கைவிடப் பெரிது. பெரும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தாலே பெரிய மாற்றம் கிடைக்கும்: மீநுண் துகள்களின் எண்ணிக்கை சாலையிலிருந்து விலக விலகச் செங்குத்தாகச் சரிந்து, ஏறக்குறைய 300 மீட்டரில் பொதுக் காற்றின் அளவுக்கு வந்துவிடுகிறது.

விலை குறைந்த அளவுமானிகளை நம்பலாமா?

போக்கைப் பார்க்க நம்பலாம், துல்லியத்துக்கு அல்ல. அவை துகள்களின் மேல் ஒளியைப் பாய்ச்சி, சிதறலை வைத்து எடையை ஊகிக்கின்றன. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, அளவு மிகையாகக் காட்டும்.

முகக்கவசம் உதவுமா?

என்95 வகை, முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் நுண்துகள்களில் 95 விழுக்காட்டையாவது தடுக்கும். இக்கட்டு "பொருந்தினால்" என்ற சொல்லில் இருக்கிறது. பெரியவர் முகத்துக்குச் செய்தது குழந்தையின் கன்னத்தோரம் இடைவெளி விட்டு நிற்கும். காற்று அந்த வழியாகத்தான் போகும். துணிக் கவசம் நுண்துகளுக்கு ஏறக்குறைய வீண். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்தக் கவசமும் கூடாது.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள கருவி, மூடிய அறையில் துகள்களைக் கணிசமாகக் குறைக்கும். அறையின் பரப்புக்கு ஏற்ற திறன் இருக்க வேண்டும், குழந்தை தூங்கும் அறையில் வைக்க வேண்டும், வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும். ஓசோனை வெளியிடும் கருவியை வீட்டுக்குள் விடவே கூடாது. ஓசோனும் நுரையீரலை எரிக்கும். ஆஸ்துமா உள்ள குழந்தையின் வீட்டில் இந்தச் செலவு நியாயமானது. ஆனால் குழந்தையின் நாள் ஓர் அறைக்குள் முடிந்துவிடுவதில்லை.

பள்ளி என்ன செய்ய முடியும்?

வாயிலில் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் வாகனங்களைத் தடை செய்வதிலிருந்து தொடங்கலாம். செலவே இல்லை. சாலைப் பக்கத்துச் சன்னல்களை நெரிசல் நேரத்தில் மூடி, மறுபக்கத்துச் சன்னல்களைத் திறப்பது, குப்பையையும் சருகையும் வளாகத்தில் எரிக்காமல் இருப்பது, விளையாட்டு நேரத்தை நெரிசல் இல்லாத வேளைக்கு மாற்றுவது ஆகியவையும் எளியவை. புதிய பள்ளி கட்டுவோர் பெரும் சாலையின் ஓரத்தைத் தவிர்த்தால் இவற்றில் பாதி தேவைப்படாது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மாசு காரணமோ கிருமி காரணமோ, அறிகுறி ஒன்றுதான். அமைதியாக இருக்கும்போது குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்ளே இழுத்துக்கொண்டால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்க முடியாமல் போனால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

மாசால் இத்தனை லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பொதுவாக இறப்புச் சான்றிதழில் "துகள்" என்று எழுதுவதில்லை. மாசின் அளவு, அந்த அளவில் நோய் எவ்வளவு கூடும் என்ற ஆய்வு முடிவு, இறந்தோர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, 15 வயதுக்கு உட்பட்டவர்களில் 93 விழுக்காட்டினர் அப்போதைய வழிகாட்டு அளவைத் தாண்டிய காற்றைச் சுவாசித்தார்கள். 2016இல் மட்டும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள மாசால் வந்த கீழ்ச் சுவாசப் பாதைத் தொற்றில் 6 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள். இது மதிப்பீடு, தலைகளை எண்ணிப் பெற்றதல்ல. கொஞ்சம் கூடலாம், குறையலாம். அதில் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 800 குழந்தைகளுக்கு மேல்.

விதி போட்டும் பலன் இல்லாமல் போனதுண்டா?

உண்டு. லண்டனில் 2008இல் கனரக வாகனங்களின் புகையைக் கட்டுப்படுத்தும் மண்டலம் ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து 2014 வரை 28 தொடக்கப் பள்ளிகளில் 8, 9 வயதுள்ள 2,164 குழந்தைகளின் நுரையீரலை அளந்தார்கள். சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு சற்றே குறைந்தது. துகள் அளவு குறையவில்லை. மாசால் குழந்தைகளின் நுரையீரல் கொள்ளளவு ஏறக்குறைய 5 விழுக்காடு குறைந்திருப்பதாக ஆய்வு மதிப்பிட்டது. மண்டலம் வந்த பிறகும் அது மேம்படவில்லை. கலிபோர்னியாவில் காற்று உண்மையிலேயே மாறியதால் நுரையீரலும் மாறியது. இங்கே காற்றே பெரிதாக மாறவில்லை. அந்த ஆய்வில் ஊதிய குழந்தைகள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். 2019இல் அந்நகரம் ஏறக்குறைய எல்லா வாகனங்களையும் உள்ளடக்கும் கடுமையான மண்டலத்தைக் கொண்டு வந்தபோது, அளவுகருவிகளை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் மீண்டும் பள்ளிகளுக்குப் போனார்கள்.